ஹம்மஸ்: முதல்ல வெள்ளை, அப்புறம் கலர்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கோம்.)

இந்த வாரம் கோடிங் இல்ல, கிளவுட் இல்ல. கொண்டைக்கடலை. (சிரிப்பு)

கொஞ்ச நாளா உங்க மெசேஜ்கள்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "கஃபேல சாப்பிடுற பீட்ரூட் ஹம்மஸ் வெண்ணெய் மாதிரி இருக்கு. வீட்ல பண்ணா சுண்டலை மிக்ஸில அரைச்ச மாதிரி வருது. வேற என்ன ஃபிளேவர் சேர்த்தா சரியாகும்?"

எந்த ஃபிளேவர் சேர்த்தாலும் சரியாகாது. இதுதான் இன்னைக்கு எபிசோடோட மொத்த விஷயமும். ஃபிளேவர்ங்கிறது கடைசி அடுக்கு. அடியில இருக்கிற வெள்ளை ஹம்மஸ் நறநறன்னு இருந்தா, பீட்ரூட் போட்டதும் அது சிவப்பா நறநறன்னு இருக்கும், அவ்வளவுதான். வெள்ளை சரியா வந்துட்டா, மேல சேர்க்கிறது ஒரு ஸ்பூன் போதும். அதனால முதல் பாதி முழுக்க வெள்ளை ஹம்மஸ். ரெண்டாவது பாதியில ஒரே பேட்ச்ல இருந்து மூணு ஃபிளேவர். நடுவுல, இந்தப் பேர் யாரோடதுங்கிற சண்டையையும் கொஞ்சம் பார்ப்போம்.

பேர்லயே ரெசிபி இருக்கு

அரபு மொழியில ஹும்முஸ்னா கொண்டைக்கடலை. அவ்வளவுதான் அர்த்தம். நாம சாப்பிடுற பண்டத்தோட முழுப் பேர் "ஹும்முஸ் பி தஹினா". அதாவது தஹினி சேர்த்த கொண்டைக்கடலை. தஹினின்னா எள்ளை அரைச்ச விழுது. ஆக ரெண்டு முக்கியப் பொருளும் பேர்லயே இருக்கு. இதோட எலுமிச்சை, பூண்டு, உப்பு, தண்ணி. லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் பக்கம் இது தினசரிச் சாப்பாடு. நமக்கு இட்லி, சட்னி மாதிரி நிறைய வீடுகள்ல காலை உணவு.

தஹினி விலை அதிகம்னு அதை விட்டுட்டு ஆலிவ் எண்ணெயை மட்டும் ஊத்தி அரைக்கச் சொல்ற வீடியோக்கள் நிறைய வருது. அதுல கிடைக்கிறது மசிச்ச கொண்டைக்கடலை. தப்பான சாப்பாடு இல்ல, ஆனா அந்த வெண்ணெய்த் தன்மை வராது. ஏன்னு தஹினி கிட்ட வரும்போது சொல்றேன்.

கடலை ஏன் மசியல?

கொண்டைக்கடலையோட செல்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வைக்கிறது பெக்டின்ங்கிற பொருள். கட்டடத்துல செங்கலுக்கு நடுவுல சிமென்ட் பூச்சு இருக்குமே, அந்த மாதிரி. கால்சியம், மெக்னீசியம் அயனிகள் இந்தப் பூச்சை இறுக்கிப் பிடிக்கும். பூச்சு கரைஞ்சாதான் கடலை குழையும்.

இப்போ உங்க வீட்டுத் தண்ணியை யோசிங்க. போர் தண்ணின்னா பெரும்பாலும் உப்புத் தண்ணி, கடினத் தண்ணி. பக்கெட் ஓரத்துல வெள்ளையாப் படியுதே, அதுல பெரும்பகுதி கால்சியம்தான். அந்தத் தண்ணியில கடலையை ஊற வைக்கிறப்போ நாமளே பூச்சுக்குப் பலம் குடுக்கிறோம். பத்து விசில் விட்டாலும் நடுவுல ஒரு சின்ன மணல் மாதிரி மிச்சம் இருக்கிறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய கடலையும் இதே மாதிரி பிடிவாதம் பிடிக்கும். அதனால ஊற வைக்கவும் வேக வைக்கவும் கேன் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ எடுத்துக்கோங்க.

அடுத்தது ஆப்ப சோடா. காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது, பெக்டினை உடைக்கும். அமிலம் நேர்மாறா அதைக் காப்பாத்தும். அதனாலதான் கடலை வேகும்போது புளியோ எலுமிச்சையோ தக்காளியோ கிட்டவே வரக் கூடாது. பேக்கிங் பவுடர் வேற, ஆப்ப சோடா வேற. பவுடர்ல அமிலமும் சேர்ந்தே இருக்கும், அது இந்த வேலைக்கு ஆகாது.

அளவு சொல்றேன், எழுதிக்கோங்க. காய்ஞ்ச வெள்ளைக் கொண்டைக்கடலை 250 கிராம். நிறையத் தண்ணி, ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. ராத்திரி முழுக்க ஊறட்டும். உப்பு எதுக்குன்னா, அதுல இருக்கிற சோடியம், பெக்டினைப் பிடிச்சிருக்கிற கால்சியத்தோட இடத்துல போய் உக்காரும். தோல் இளகும்.

காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு நல்லா அலசுங்க. குக்கர்ல போட்டு, கடலைக்கு மேல ரெண்டு இஞ்ச் தண்ணி, கால் டீஸ்பூன் சோடா, ஒரு ஸ்பூன் எண்ணெய். இந்த எண்ணெய் ருசிக்கு இல்ல, பாதுகாப்புக்கு. கடலை வேகும்போது நுரை நிறைய வரும், சோடா போட்டா இன்னும் அதிகம். நுரையும் தோலும் மேல ஏறி வெயிட் வால்வை அடைச்சுட்டா ஆபத்து. எண்ணெய் நுரையை அடக்கும். அதோட, குக்கர்ல பாதிக்கு மேல நிரப்பவே நிரப்பாதீங்க. திறந்தே வச்சு ஒரு கொதி விட்டு, பொங்கி வர்ற நுரையைக் கரண்டியால எடுத்துட்டு அப்புறம் மூடுங்க. பிஜில சின்ன ரெண்டு லிட்டர் குக்கர் வச்சிருக்கிறவங்க, தயவுசெஞ்சு பாதி அளவு கடலை மட்டும் போடுங்க.

அஞ்சாறு விசில், அப்புறம் சிம்ல ஒரு பத்து நிமிஷம். பிரஷர் தானா அடங்கட்டும். ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு நசுக்குங்க. விழுதாகணும், நடுவுல ஒரு துளி கூட கடினம் தெரியக் கூடாது. சுண்டலுக்கு இது "குழைஞ்சு போச்சு". ஹம்மஸுக்கு இதுதான் பதம். இங்கதான் நம்ம ஊர்க் கை நம்மளை ஏமாத்தும். முழுசா, உருண்டையா இருக்கிற கடலையைப் பார்த்தா "வெந்துருச்சு"ன்னு நமக்குத் தோணும். ஹம்மஸுக்கு அது பாதி வேக்காடுதான்.

வெந்த தண்ணியில ஒரு கப் எடுத்து வச்சுட்டு, மீதியை வடிகட்டிடுங்க. சோடா அதிகமாப் போட்டா சோப்பு வாசனை வரும், அதனால நான் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். மேல மிதக்கிற தோலை எடுத்துடலாம். ஒவ்வொண்ணா உரிச்சுக்கிட்டு உக்கார வேண்டிய அவசியம் இல்ல.

தஹினி: கெட்டியானா பயப்படாதீங்க

தஹினி வீட்டுலயே பண்ணலாம். தோல் நீக்கின வெள்ளை எள் 200 கிராம். பளிச்னு வெள்ளையா இருந்தா தோல் நீக்கினது. பழுப்பு கலந்திருந்தா தோலோட இருக்கிறது, அது கசக்கும். இட்லிப் பொடிக்கு வறுக்கிற அளவுக்கு வறுக்கக் கூடாது. சின்னத் தீயில நாலஞ்சு நிமிஷம், நிறம் மாறுறதுக்கு முன்னாடியே இறக்கிடுங்க. ஆறினதும் சட்னி ஜார்ல விட்டு விட்டு அரைங்க. முதல்ல பொடியாகும், அப்புறம் கட்டியாகும், அப்புறம் எண்ணெய் விட ஆரம்பிக்கும். வாசனை இல்லாத எண்ணெய் ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் சேர்த்தா வழியிற பதத்துக்கு வரும்.

இப்போ பூண்டு. பூண்டை நசுக்கும்போது அல்லினேஸ்ங்கிற நொதி வேலை செஞ்சுதான் அந்தக் காட்டமான வாசனை உருவாகுது. அமிலம் அந்த நொதியை அடக்கிடும். அதனால நாலு பல் பூண்டை எலுமிச்சைச் சாறு 50 மில்லியோட சேர்த்தே அரைங்க. தனியா நசுக்கிட்டு அப்புறம் சாறு ஊத்தினா லேட். அரைச்சு பத்து நிமிஷம் விட்டு வடிகட்டினா, பூண்டு ருசி இருக்கும், மறுநாள் மீட்டிங் வரைக்கும் கூட வராது.

அந்தச் சாறை தஹினியில ஊத்திக் கலக்குங்க. இங்க ஒரு அதிர்ச்சி காத்திருக்கு. வழிஞ்சிட்டு இருந்த தஹினி திடீர்னு சிமென்ட் மாதிரி இறுகும். நிறைய பேர் "கெட்டுப் போச்சு"ன்னு கொட்டுறது இந்த இடத்துலதான். இது பக் இல்ல, ஃபீச்சர். எள் துகள்கள் எண்ணெய்ல மிதந்துட்டு இருந்தது. கொஞ்சம் தண்ணி பட்டதும் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. இன்னும் தண்ணி சேர்த்தா நிலைமை மாறும். இப்போ எண்ணெய் சின்னச் சின்னத் துளியா உடைஞ்சு தண்ணிக்குள்ள பரவிடும். ஐஸ் தண்ணி ஒவ்வொரு ஸ்பூனா ஊத்திக் கலக்கிட்டே இருங்க, மொத்தம் 100 மில்லி வரைக்கும். பழுப்பா இருந்தது வெளுத்து, க்ரீம் மாதிரி ஆயிடும். கஃபே ஹம்மஸோட வெண்ணெய்த் தன்மை முழுக்க இங்க இருந்துதான் வருது. தஹினி இல்லாம வெறும் எண்ணெய் ஊத்தினா ஏன் வராதுன்னு இப்போ புரியுதா? எண்ணெயையும் தண்ணியையும் பிடிச்சு வைக்க அங்க ஆளே இல்ல.

கடைசியா, கடலையைச் சூடு முழுசா ஆறுறதுக்குள்ள, வெதுவெதுப்பா இருக்கும்போதே மிக்ஸில தனியா அரைங்க. ஆறினா மாவுச்சத்து இறுகி, அரைபட மறுக்கும். கொதிக்கக் கொதிக்கவும் வேண்டாம், ஆவியில மூடி தெறிச்சுரும். அரையலன்னா வேக வச்ச தண்ணியில ரெண்டு ஸ்பூன். நல்லா மைய வந்ததும் தஹினிக் கலவையையும் ஒண்ணேகால் டீஸ்பூன் உப்பையும் சேர்த்து இன்னும் ரெண்டு நிமிஷம், நடுவுல மிக்ஸிக்கு ஓய்வு குடுத்து. ஃபிரிட்ஜ்ல வச்சா இறுகும், அதனால நமக்கு வேணுங்கிறதை விடக் கொஞ்சம் தளர்வா நிறுத்துங்க. மொத்தம் கிட்டத்தட்ட 900 கிராம் கிடைக்கும்.

இப்போ ஒரு ஸ்பூன் எடுத்துச் சும்மா சாப்பிட்டுப் பாருங்க. இந்த ஸ்பூன்ல குறை தெரிஞ்சா இங்கேயே சரி பண்ணுங்க. உப்பா, புளிப்பா, தண்ணியா? பீட்ரூட் வந்து எதையும் காப்பாத்தாது.

பேருக்கு ஒரு சண்டை

ஃபிளேவருக்குப் போறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம். 2008ல லெபனான் தொழிலதிபர்கள் அமைப்பு, கிரேக்கத்தோட ஃபெட்டா சீஸுக்குக் கிடைச்ச மாதிரி ஹம்மஸுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துல பாதுகாப்பு வேணும்னு கிளம்புச்சு. இஸ்ரேல் கம்பெனிகள் ஹம்மஸை உலகச் சந்தையில தங்களோட பண்டமா விக்கிறாங்கங்கிறது அவங்க கோபம். 2010 ஜனவரியில இஸ்ரேல்ல இருக்கிற அபு கோஷ்ங்கிற அரபு ஊர்ல சுமார் 4,000 கிலோ ஹம்மஸ் பண்ணி கின்னஸ் சாதனை பண்ணாங்க. அதே வருஷம் மே மாசம் லெபனான் பதில் குடுத்துச்சு. 10,452 கிலோ. அந்த நம்பர் சும்மா வந்தது இல்ல. லெபனான் நாட்டோட பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர்.

கேக்கச் சிரிப்பா இருக்கலாம். ஆனா சட்னியை யோசிச்சுப் பாருங்க. அந்த வார்த்தை இங்கிலாந்து போய், சர்க்கரையும் வினிகரும் போட்டுக் காய்ச்சின ஜாம் மாதிரி ஒண்ணா மாறிடுச்சு. அங்க கடையில போய் சட்னி கேட்டா அதைத்தான் எடுத்துத் தருவாங்க. பண்டம் ஊர் மாறும்போது மாறத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. ஆனா வார்த்தைக்குள்ள இருந்த பொருளே காணாமப் போனா, அந்த ஊர்க்காரங்களுக்கு வலிக்கும். கொண்டைக்கடலையே இல்லாத பண்டத்துக்கு "ஹம்மஸ்"னு பேர் வைக்கிறது, வார்த்தையோட அர்த்தப்படி, கடலை இல்லாத கடலை. அது டிப், துவையல், என்ன வேணா சொல்லிக்கலாம்.

அதுக்காக "ஃபிளேவரே கூடாது"ன்னு இல்ல. மத்திய காலக் கெய்ரோ சமையல் நூல்கள்லயே, கொண்டைக்கடலையை மசிச்சு வினிகர், மூலிகை, மசாலா சேர்க்கிற குறிப்புகள் இருக்கு. பெய்ரூட் பாணின்னு பார்ஸ்லியும் காரமும் சேர்த்த ஹம்மஸ் இருக்கு. வறுத்த கறியும் பைன் கொட்டையும் மேல போடுற வகையும் உண்டு. கவனிங்க, எல்லாத்துலயும் அடியில இருக்கிற ஹம்மஸ் காணாமப் போகல. நாமளும் அந்த வழியிலயே போவோம்.

ஒரே பேட்ச், மூணு கிண்ணம்

900 கிராமை மூணாப் பிரிச்சுக்கோங்க. கிண்ணத்துக்கு 300 கிராம். வெள்ளை ஹம்மஸ் மெயின் பிராஞ்ச், ஒவ்வொரு கிண்ணமும் ஒரு தனி பிராஞ்ச். ஒண்ணு சொதப்பினாலும் மத்தது தப்பிச்சிரும்.

முதல் கிண்ணம், சிவப்புக் குடமிளகாய். ஒரு குடமிளகாயை நேரடியா கேஸ் தீயில சுட்டு, தோல் கருகினதும் பத்து நிமிஷம் மூடி வச்சு, தோலையும் விதையையும் எடுத்துடுங்க. இங்க ஒரு ரூல், எல்லா ஃபிளேவருக்கும் பொருந்தும்: தண்ணியை வெளியேத்திட்டுத்தான் உள்ள சேர்க்கணும். காய்கறியில பெரும்பகுதி தண்ணி. அது அப்படியே உள்ள போனா நாம கஷ்டப்பட்டுப் பண்ண பதம் நீர்த்துப் போகும். அதனால நறுக்கி, கடாயில ஈரம் வத்துற வரைக்கும் வதக்குங்க. அரை டீஸ்பூன் வறுத்த சீரகப் பொடி, அரை டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த் தூள் சேர்த்து ஹம்மஸோட அரைங்க.

ரெண்டாவது கிண்ணம், நீங்க கேட்ட பீட்ரூட். ஒரு சின்ன பீட்ரூட், 100 கிராம் போதும். தோலோட, முழுசா வேக வைங்க. வெட்டி வேக வச்சா நிறம் தண்ணியில போயிடும். ஆறினதும் தோலை எடுத்துத் துருவி, கடாயில ஈரத்தை வத்த வைங்க. பீட்ரூட் இனிப்பு. இனிப்பு ஏறினா புளிப்பும் உப்பும் அமுங்கித் தெரியும். அதனால கலந்தப்புறம் இன்னொரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சீரகம். எலுமிச்சையால பீட்ரூட் நிறம் கெடாது. ஆனா பச்சைக் கொத்தமல்லியோ புதினாவோ அரைச்சுச் சேர்த்தா கதை வேற. அந்தப் பச்சை அமிலத்துல மங்கி, பாசி நிறம் ஆயிடும். அதை அன்னைக்கே சாப்பிட்டு முடிச்சிருங்க.

மூணாவது கிண்ணம், தாளிப்பு. இதுல உள்ள எதுவும் கலக்கப் போறது இல்ல. மிளகாய், சீரகம், கறிவேப்பிலை இதோட வாசனைப் பொருள்கள்ல பெரும்பாலானது எண்ணெய்ல கரையும், தண்ணியில அவ்வளவாக் கரையாது. ரெண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயைச் சூடாக்கி, சீரகம், கிள்ளின மிளகாய் வத்தல், கறிவேப்பிலை போட்டுப் பொரிஞ்சதும், தட்டுல பரப்பின ஹம்மஸ் மேல ஊத்துங்க. இது நம்ம பாட்டுக்கு ஒட்ட வச்சதுன்னு நினைக்காதீங்க. ஃபத்தேன்னு ஒரு சிரிய, லெபனானிய பண்டம் இருக்கு. ரொட்டித் துண்டு, கொண்டைக்கடலை, தயிர் அடுக்கி, மேல நெய்யில வறுத்த பைன் கொட்டையைச் சுடச்சுட ஊத்துவாங்க. தாளிப்புங்கிற யோசனை ரெண்டு பக்கமும் இருக்கு.

சாப்பிடுறதுக்கு முன்னாடி மூணு விஷயம்

ஒண்ணு, எள் அலர்ஜி. அமெரிக்காவுல 2023 ஜனவரி 1ல இருந்து, பாக்கெட் உணவுல அவசியம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது முக்கிய அலர்ஜிப் பொருள் எள். ஃபிளாட்டுக்கு ஃபிரெண்ட்ஸ் வந்தா, தட்டை நீட்டுறதுக்கு முன்னாடி "இதுல எள் இருக்கு"ன்னு சொல்லிடுங்க. பார்த்தா யாருக்கும் தெரியாது.

ரெண்டு, சேமிப்பு. மூடி போட்ட டப்பாவுல, ஃபிரிட்ஜ்ல நாலு நாள். சுத்தமான ஸ்பூன். நம்ம வெயிலுக்கு மேஜையில ரெண்டு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க. நிறையச் செஞ்சு வைக்கணும்னா, வெந்த கடலையை ஃப்ரீசர்ல வைங்க. வேணும்போது சூடு பண்ணி அரைச்சா புதுசு மாதிரியே இருக்கும்.

மூணு, டயட். 100 கிராம் வெந்த கொண்டைக்கடலையில சுமார் 9 கிராம் புரதம். கடலையில குறைவா இருக்கிற ஒரு அமினோ அமிலம், மெத்தியோனின், எள்ளுல நல்லா இருக்கு. ரெண்டும் சேரும்போது புரதம் முழுமை ஆகுது. ஆனா தஹினியில பாதிக்கு மேல கொழுப்பு. நல்ல கொழுப்புதான், கலோரி கலோரிதான். நாலு ஸ்பூன் சாப்பாடு, டப்பா முழுக்கன்னா விருந்து.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. முதல் தடவை வெள்ளை மட்டும் பண்ணுங்க. ஒரு சப்பாத்தியோ, வெள்ளரிக்காயோ வச்சு, எதுவும் கலக்காமச் சாப்பிடுங்க. அது பிடிச்சிருந்தா அடுத்த வாரம் பீட்ரூட் வாங்குங்க. பிடிக்கலன்னா பீட்ரூட் காசு மிச்சம். (சிரிப்பு) எப்படி வந்துச்சுன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.